மேசையில் இரண்டு அடுக்கு

ஹால்டிஸ் ஓர்ஸ்நெஸ் பள்ளியில் கணக்கு டீச்சர்.
நான்காண்டுக்கு ஒருமுறை
உடற்பயிற்சிக் கூடத்து நீள மேசையில்
தீவின் மனதைப் பிரித்து அடுக்குவாள்.
ஏழு கட்சி, ஏழு அடுக்கு.
தொழிலாளர் கட்சியின் சீட்டுகள்
கருவாட்டுக் கட்டுபோல் கனத்து நிற்கும்.
கம்யூனிஸ்டுகளுக்குப் பதினொன்று.
அந்தப் பதினொருவர் யார் யாரென்று
தீவுக்கே தெரியும்,
யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

1972, செப்டம்பர் இருபத்தைந்து.
ஐரோப்பாவோடு சேர்வதா என்று
நார்வே முழுவதையும் கேட்டார்கள்.
பெட்டியைக் கவிழ்த்ததும்
ஹால்டிஸின் கை பழக்கத்தில்
ஏழு இடம் தேடியது.
வந்தவை இரண்டே சொற்கள்.

என் மொழியில் எழுதினால்
வேண்டும், வேண்டாம்.
ஓர் எழுத்துதான் வித்தியாசம்,
மறுப்பின் வாலிலும் ஓர் ஆம் ஒட்டிக்கொண்டிருக்கும்.
அவர்கள் மொழியில் அந்த இரண்டுக்கும்
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கோடை முழுக்க நடந்தது இது:
ஜெபக்கூட்டத்து லுட்விக்கும்
கடவுளை நம்பாத ஐனாரும்
ஒரே வாளிப் பசையில் தூரிகை தோய்த்து
மீன் கிடங்குச் சுவரெல்லாம்
வேண்டாம் ஒட்டினார்கள்.
வேலைநிறுத்தத்துக்குப் பின்
பதினாறு ஆண்டு முகம் பாராத
கிடங்கு முதலாளி லுண்டும்
தொழிலாளர் கட்சிக் கிளைத் தலைவர் ஆர்ன்ஃபின்னும்
துறைமுகத்தில் ஒரே பிளாஸ்கில் காபி குடித்து
வேண்டும் என்றார்கள்.
"கட்சி முடிவு செய்துவிட்டது" என்றார் ஆர்ன்ஃபின்.
"கட்சிக்கு வலை இருக்கிறதா?" என்று கேட்டாள்
அவர் மனைவி மாக்னில்,
மூன்று தலைமுறையாய்ப் படகுக்காரர்கள் வீட்டுப் பெண்.
பிரெஞ்சு இழுவைப் படகுகள்
சன்னல்வரை வரும் என்பது அவள் பயம்.

இரவு ஒன்றேகாலுக்கு எண்ணி முடித்தாள்.
வேண்டாம், அறுநூற்றுப் பதினொன்று.
வேண்டும், தொண்ணூற்று நான்கு.
சீட்டுக்கு முகம் இல்லை.
கணக்கு டீச்சருக்கோ கழித்தல் தெரியும்:
தொழிலாளர் கட்சியின் கனத்த கட்டு
முதுகெலும்போரம் பிளந்த மீனாய்
இரு பக்கமும் கிடந்தது.

ஓஸ்லோவில் அரசு விலகியது.
தீவில் காபிப் பாத்திரம் பிரச்சினையானது.
கிளையை விட்டுப் பதினான்கு பேர் வெளியேறினார்கள்.
அந்தப் பெரிய பாத்திரத்துக்கு
நிதி திரட்டியவர்களே அவர்கள்தாம்.
இரண்டு கூட்டம், நிறைய சத்தம்.
கிளைக் குறிப்பேட்டில் இருக்கிறது:
பாத்திரம் குறித்த முடிவு ஒத்திவைக்கப்படுகிறது.

லிபரல்களோ தீவில் மொத்தம் மூன்று பேர்.
அவர்களும் பிரிந்தார்கள்,
ஆளுக்கு ஒன்றரை என்று.
நடுவில் நின்ற தபால்காரர்
இரு பக்கமும் தலையாட்டினார்.

அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல்.
நீள மேசை போதவில்லை,
மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு டெஸ்க்கை
இழுத்துவந்து சேர்த்தாள்.
நேற்றுப் பிறந்த பெயர்களுக்கு இடம் வேண்டுமே.
வெளியேறியவர்களும் ஐனாரின் ஆட்களும்
ஒரே சீட்டில் வந்திருந்தார்கள்.
பழைய கட்டு ஒரு சாண் குறைந்திருந்தது.
இரண்டாக உடைத்ததைத் திரும்ப ஒட்டினால்
ஏழாக வராது என்று
கரும்பலகை இல்லாமலே புரிந்தது.

கட்சிகளும் பாடம் படித்தன.
ஆட்சியில் கூட்டுச் சேர்கிறவர்கள்
ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்:
ஐரோப்பா என்று பேச்செடுத்தால்
அன்றே கலையும் இந்தக் கூட்டு.
தூங்கும் நாயைத் தாண்டிப் போகிறவர்கள்போல்
இருபது ஆண்டு நடந்தார்கள்.

1994, நவம்பர். மறுபடி அதே கேள்வி.
இம்முறை அரசு விலகவில்லை.
"அவரவர் மனசாட்சி" என்றது ஆர்ன்ஃபின் கட்சி,
தன் வீட்டுச் சுவரில்
தானே ஒரு பின்வாசல் வைத்து.
மாக்னில் முன்வாசல் வழியாகவே வந்து
வேண்டாம் போட்டுவிட்டு
அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

ஓய்வுபெற்ற ஹால்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
மேசைக்கு வந்தாள்.
இரண்டு அடுக்கு.
மூலையில் அந்தப் பாத்திரம் கொதித்தது.
இரு பக்கத்தாரும் ஊற்றிக் குடித்தார்கள்.
யாருடையது என்று
ஒருவரும் கேட்கவில்லை.